எட்டாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளியிடம் என்ன கேட்பது?

பூங்கொடி_ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருடம் டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிக்கல் தரும் கற்றல் குறைபாடு) என்று ரிப்போர்ட் வந்தது. வாயால் கேட்டால் அறிவியல் பாடத்தை அப்படியே சொல்லுவான். எழுதச் சொன்னால் அவன் எழுதியதை அவனாலேயே திரும்பப் படிக்க முடியாது. ரிப்போர்ட்டைப் பள்ளியில் கொடுத்தோம், வாங்கி ஃபைலில் வைத்தார்கள், அதோடு சரி. இப்போது கரஸ்பாண்டண்ட் கூப்பிட்டு, "ஒன்பதாவது இங்கே கஷ்டம்மா, இப்போதே வேறு பள்ளி பார்த்துவிட்டால் பையனுக்கு நல்லது" என்கிறார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீத ரிசல்ட் என்று பேனர் கட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

விசாரித்ததில் அதே பள்ளியில் இன்னும் சில குடும்பங்கள் இதே நிலையில் இருப்பது தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். தேர்வில் கூடுதல் நேரம், ஸ்கிரைப் (பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்), எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு. இவ்வளவுதான் இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம். வேறு என்ன சேர்க்கலாம்? இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா, இல்லை கெஞ்சித்தான் ஆக வேண்டுமா?

கோர்ட்_வாசல்

கெஞ்ச வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, அதில் கற்றல் குறைபாடு கிடையாது. புதிய சட்டத்தில் 21 வகைகள். டிஸ்லெக்சியா, எழுதுவதில் சிக்கலான டிஸ்கிராஃபியா, கணக்கில் சிக்கலான டிஸ்கால்குலியா எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன.

பிரிவு 16ஐ எடுத்துப் படியுங்கள். கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்று அதில் தனியாகவே ஓர் உட்பிரிவு உண்டு. "நாங்கள் தனியார் பள்ளி, எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் அந்தப் பிரிவுக்குள் வரும். அங்கீகாரம் இல்லாமல் மெட்ரிக் பள்ளி நடத்த முடியாது. பிரிவு 17இல் கூடுதல் நேரம், ஸ்கிரைப், இரண்டாம் மூன்றாம் மொழிகளுக்கு விலக்கு என்று வரிசையாக இருக்கிறது.

ஒரு பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளை எதிர்த்தரப்பு சொல்லி நீங்கள் திகைக்கக் கூடாது. இந்த வசதிகளைப் பள்ளிகள் செய்து தருவதற்கு அரசு "முயல வேண்டும்" என்றுதான் பிரிவு 16 தொடங்குகிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு வருடம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் சட்டத்தை மீறியதற்கு அபராதமும் இருக்கிறது: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரும்பாலான பள்ளி நிர்வாகங்கள் இந்தப் பிரிவைப் பார்த்ததே இல்லை. கடிதத்தில் பிரிவு எண்ணைப் போட்டாலே பேச்சின் தொனி மாறும்.

கரும்பலகை

நான் ஆசிரியர். உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பூங்கொடி மேடம், உங்கள் கோபம் நியாயம். வக்கீல் சார் சொல்வதும் சரி. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்குக் குறையாது. பாடவேளை 40 நிமிடம். வருகைப்பதிவு, ஹோம்வொர்க் பார்ப்பது, ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாம் போக மிஞ்சுவது அரை மணி நேரம். அதில் நான்கைந்து பேருக்கு வாசிக்கவே வராது. அவர்களில் யாருக்கு டிஸ்லெக்சியா, யாருக்குக் கண் பார்வை சரியில்லை, யார் ஆறாம் வகுப்பு வரை பாதி நாள் பள்ளிக்கே வராதவர் என்று பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பி.எட்.டில் இதைப் பற்றி ஒரு தாள் படித்தோம், பாஸானோம். இதற்கு மேல் நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் நிர்வாகம் அதை என் மேசையில் வைத்து "பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஆசிரியரைக் குறிவைத்து எழுதாதீர்கள், நிர்வாகத்திடம் ஆள் கேளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எட்டு வரை எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டு ஒன்பதில் வடிகட்டுவது எங்கும் நடக்கிறது. யாரும் எழுத்தில் தர மாட்டார்கள். பெற்றோரே கேட்டு டி.சி. வாங்கிக்கொண்டதாகத்தான் பதிவு இருக்கும். அதனால் டி.சி. விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஊர்க்குருவி

தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் காலத்தில் இப்படி எந்த வியாதியும் இல்லை. படிக்காத பையனை வாத்தியார் நாலு சாத்து சாத்துவார், படித்துவிடுவான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்துக் காசு பறிக்கிறார்கள். கையில் இருக்கும் செல்லைப் பிடுங்கி வையுங்கள், தானாகப் படிப்பான்.

லேத்_பட்டறை

ஊர்க்குருவி அண்ணா, அந்த நாலு சாத்து வாங்கிய ஆள் நான். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். டிராயிங்கைப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு மைக்ரான் தட்ட வேண்டும் என்று சொல்லுவேன். ஆனால் ஒரு முழுப் பக்கம் தமிழ் வாசிக்க இன்றைக்கும் மூச்சு முட்டும். அடித்ததால் எனக்குப் படிப்பு வரவில்லை. வகுப்பை விட்டு எப்படி வெளியே போவது என்பதுதான் வந்தது. வாசிக்கும் முறை என்னிடம் வருவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக, சாக்பீஸ் வாங்கி வர என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். இந்த வேலையெல்லாம் ஆர்வமாகச் செய்கிறானே என்று மிஸ் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

உங்கள் காலத்தில் இல்லை என்கிறீர்கள். இருந்தவர்கள் ஐந்தாம் வகுப்போடு தறிக்கும் ஹோட்டலுக்கும் போய்விட்டார்கள், அதனால் உங்கள் கண்ணில் படவில்லை. இந்தப் பதிவைக்கூட நான் பேசித்தான் ஏற்றுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நீங்கள் பிடுங்கச் சொல்லும் அந்த செல்தான்.

பூங்கொடி அக்கா, கடிதத்தில் முதலில் இதை எழுதுங்கள்: எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்க வைக்கக் கூடாது. இதற்குப் பைசா செலவில்லை, ஆள் தேவையில்லை, எந்தச் சான்றிதழும் வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

மையத்து_டீச்சர்

அரசின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக இருக்கிறேன். தொகுப்பூதியம்தான். என் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளுக்குச் சுற்று முறையில் போய் வருவேன். பஸ் நேரத்தைப் பொறுத்து ஒரு பள்ளிக்கு அரை நாள் கிடைத்தால் பெரிது.

பூங்கொடி, உங்கள் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். நான்கும் தேர்வைப் பற்றியது. உங்கள் மகனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை, என்னிடம் வரும் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். சலுகையைக் கொடுப்பது பள்ளிக்கு எளிது. ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் முடிந்தது. கற்பிப்பதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அந்தப் பாடவேளையை அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவதைக் கேட்காவிட்டால் முதலாவதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பை ஸ்கிரைப் வைத்து எழுதி பாஸாகும், வாசிக்கத் தெரியாமலே வெளியே வரும்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், வேறு வழியில் நடக்கும். ஒலி, எழுத்து, கை அசைவு மூன்றையும் சேர்த்து, ஒரு படியை உறுதியாகத் தாண்டிய பிறகே அடுத்ததுக்குப் போகும் முறைக்கு 1930களிலேயே அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் அடித்தளம் போட்டார்கள். அவர்கள் செய்தது ஆங்கிலத்துக்கு. தமிழில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதை அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். 'கெ' என்று எழுதும்போது கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' என்ற ஒலியை. 'கொ' இன்னும் மோசம், எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால், இரண்டும் சேர்ந்துதான் ஒரே உயிர். இதைச் சாதாரணப் பிள்ளை ஒரு பருவத்தில் பழகிவிடும். டிஸ்லெக்சியா பிள்ளை நான்காம் வகுப்பில்கூட 'கொடி'யைப் பார்த்து "கெ... கெகா..." என்று தடுமாறும். உகர வரிசையில் ஒரே மாதிரிக் குறி கிடையாது. கு, சு, து எல்லாம் வேறு வேறு வளைவு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனத்தில் பதிக்க வேண்டும். அப்புறம் ஒற்று. 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று எழுதும், 'பக்கம்' என்பது 'பகம்' ஆகும். காதில் அந்த இரட்டிப்பு பிரிந்து விழாததால்தான் கையில் வருவதில்லை. லகர ளகரக் குழப்பத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது ஊரில் பாதிப்பேருக்கு உண்டு. ஒற்றுப் போவதும், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்து வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோவதும்தான் கவனிக்க வேண்டியவை.

இதோடு இன்னொன்று. வீட்டில் "வந்துட்டு இருக்கு" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறது" என்று பார்க்கிறது. மற்றப் பிள்ளைகள் முதல் சில எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு ஊகிக்கவும் வழியில்லை, கூட்டவும் தெம்பில்லை.

மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைப்போம். சொல்லை ஒலிக்கு ஒரு தட்டாகக் கைத்தட்டிப் பிரிக்க வைப்போம். கொம்பு உள்ள எழுத்துகளைத் தனிக் குடும்பமாக எடுத்து, ஒரு குடும்பம் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுவோம். வாரத்துக்கு நான்கு நாளாவது, நாளுக்கு அரை மணி. இதைத்தான் கேட்க வேண்டும்.

ராணி_தேனி

டீச்சரம்மா சொல்வதைப் படித்தபோது என் மகளைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. மூன்றாம் வகுப்பு. 'பட்டம்' 'படம்' எல்லாம் அப்படியே. ஆனால் அவள் அப்பா வீட்டில் டெஸ்ட் எடுக்கவே விட மாட்டேன் என்கிறார்கள். "மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கி வைத்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்" என்று மாமியார் கேட்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு. என்ன பதில் சொல்வது?

மையத்து_டீச்சர்

ராணி, மாமியாரோடு சண்டை வேண்டாம், இப்போதைக்கு அதற்கு அவசியமே இல்லை. பள்ளியில் வேறு முறையில் கற்றுக்கொடுப்பதற்குச் சான்றிதழ் வேண்டாம். பொதுத் தேர்வில் சலுகை கேட்கும்போதுதான் அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் தேவைப்படும். உங்கள் மகளுக்கு அது இன்னும் ஏழு வருடம் தள்ளி இருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறையில் மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது, ஆசிரியரே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்று இருந்தது. தலைமை ஆசிரியர் தலைமையில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குழு, அரசுப் பள்ளி தனியார் பள்ளி இரண்டிலும். எத்தனை பள்ளியில் அப்படி ஒரு குழு கூடியது என்று கேட்காதீர்கள். ஆனால் "எங்கள் மகளுக்கு அந்த முதல்கட்டச் சோதனையைச் செய்யுங்கள்" என்று வகுப்பு மிஸ்ஸிடம் கேட்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் நலம் நாடி என்று ஒரு செயலியே இருக்கிறது, குறைபாடு இருக்கக்கூடிய பிள்ளைகளை அடையாளம் காண்பதற்காகத் துறை கொடுத்தது.

டெஸ்ட் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் வைத்து ரிப்போர்ட் தந்தால் அதை நம்பாதீர்கள். இந்திய மொழிகளுக்கென்றே தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டாலி என்ற சோதனைத் தொகுப்பு 2015இல் வந்தது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் தொடங்கினார்கள், அந்த முதல் நாலில் தமிழ் இல்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். சென்னைக்குப் பக்கம் உள்ளவர்கள் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்குப் போகலாம், மற்றவர்கள் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் ஆயிரக்கணக்கில் ஆகும்.

மாலதி_தாம்பரம்

மொழி விலக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் தமிழுக்கு விலக்கு வாங்கினோம். ஆங்கிலவழிப் பள்ளி, எனவே ஆங்கிலத்தை விட முடியாது. அந்த இரண்டு வருடம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம், பொய் சொல்ல மாட்டேன். நல்ல மார்க்கும் வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பஸ் போர்டில் ஊர்ப் பெயரை வாசிக்க மாட்டாள், எண்ணைப் பார்த்து ஏறுவாள். பாட்டி எழுதிய கடிதத்தை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். விலக்கு கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே "எப்படியும் விலக்கு வாங்கப் போகிறோம்" என்று தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கரும்பலகை

மாலதி மேடம் சொல்வதை வழிமொழிகிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையனின் தந்தை ஒருவர் "தமிழ் மிஸ் இவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பத்தாவதில் விலக்குதான்" என்றார். மூன்று வருடம் தமிழ்ப் பாடவேளையில் அந்தப் பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

கோர்ட்_வாசல்

விலக்கு என்பது பெற்றோர் தேர்ந்தெடுப்பது, பள்ளி திணிக்க முடியாது. பள்ளியும் "விலக்கு வாங்கினால்தான் வைத்துக்கொள்வோம்" என்று நிபந்தனை போடக் கூடாது.

இன்னொரு தகவல். "40 சதவீதத்துக்கு மேல் என்று சான்றிதழில் இருந்தால்தான் ஸ்கிரைப்" என்று சில அலுவலகங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கு, எழுதுவதில் சிக்கல் உள்ள ஒருவருக்கு யு.பி.எஸ்.சி. தேர்வில் ஸ்கிரைப் மறுத்தது பற்றியது. நவம்பரில் வந்தது, நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரத்தை மறுத்து விடைத்தாளைப் பிடுங்கியது பற்றியது. 40 சதவீத வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், தேர்வு வசதியை அந்த வரம்பைக் காட்டி மறுக்கக் கூடாது என்பதுதான் சாரம். கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்காது. வாதாடாதீர்கள், மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் முக்கால்வாசிப்பேர் விண்ணப்பத்தை வாங்கிவிடுவார்கள்.

சி.பி.எஸ்.இ_அப்பா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதல், இரண்டு மணி நேரத் தாளுக்கு 40 நிமிடம். கேள்வியை வாசித்துச் சொல்ல மட்டும் ஒருவரைக் கேட்கலாம், எழுதுவது பிள்ளையே எழுதலாம். என் மகன் அப்படித்தான் எழுதினான். ஸ்கிரைப்பிடம் சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம், ஒரு வருடமாவது பள்ளித் தேர்விலேயே பழக வேண்டும். பொதுத் தேர்வன்று முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை வாயைத் திறக்காது.

மையத்து_டீச்சர்

நல்ல குறிப்பு. மாநிலப் பாடத்திட்டத்திலும் ஒரு மணி நேரக் கூடுதல் நேரம், ஸ்கிரைப், ஒரு மொழி விலக்கு உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். பொதுத் தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் போகும் சமயத்திலேயே சேர்த்து அனுப்பாமல் ஜனவரியில் ஓடி வருவார்கள். அப்போது மருத்துவக் குழுவில் தேதி கிடைக்காது.

கரும்பலகை சார் கேட்ட "ஆள்" விஷயத்துக்கு வருகிறேன். சிறப்பாசிரியர் எத்தனை பேருக்கு ஒருவர் என்பதில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2022இல் மத்திய அரசு அறிவித்தது: தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர். இந்தக் கணக்குப்படி பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. என் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் தனியார் பள்ளிப் பெற்றோர் மட்டும் கேட்டால் போதாது. அரசுப் பள்ளிப் பெற்றோரும் கேட்க வேண்டும், எங்களுக்கும் அதனால் நல்லது. என் சுயநலமும் இதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாராக ரெமிடியல் சென்டர் தேடுபவர்கள், சொல்லித் தருபவர், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுப் பாருங்கள். டியூஷன் போர்டையே மாற்றி மாட்டியவர்கள் நிறைய.

தாமரைக்குளம்

திருவாரூர் மாவட்டம், அரசு நடுநிலைப் பள்ளி. நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். எங்களுக்குக் கரஸ்பாண்டண்ட் இல்லை, கவலையும் இல்லை. குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. "சிறப்பாசிரியர் மாதம் எத்தனை நாள் வருகிறார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், வாரம் இரு நாளாவது வர வேண்டும்" என்று தீர்மானம் போட்டு, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கும் கொடுத்தோம். வாரம் இரு நாள் கிடைக்கவில்லை. ஒரு நாள் கிடைத்தது. முன்பு வந்தாரா என்றே யாருக்கும் தெரியாது.

பூங்கொடி_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐந்து குடும்பம் உட்கார்ந்து கடிதத்தை முழுக்க மாற்றி எழுதினோம். டீச்சரம்மா கேட்ட கேள்வி எல்லோருக்கும் உறைத்தது. இப்போது இப்படி இருக்கிறது:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு. தங்கள் பள்ளியில் பயிலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பது மதிப்பீட்டு அறிக்கைகளில் உறுதியாகியுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவுகள் 16, 17இன்படி கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம். வரும் ஜூன் மாதம் முதல் மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர் ஒருவரைப் பள்ளி நியமித்து, வாரத்தில் நான்கு நாட்கள் வாசிப்புப் பயிற்சிக்கென நேர அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும். அது விளையாட்டு, ஓவியப் பாடவேளைகளைப் பறித்ததாக இருக்கக் கூடாது. வகுப்பில் உரக்க வாசிக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். கரும்பலகையில் எழுதுவதை நகலாகத் தர வேண்டும். பருவத் தேர்வுகளிலேயே கூடுதல் நேரமும், தேவைப்படுவோருக்குக் கேள்வியை வாசித்துச் சொல்லும் உதவியும் தர வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் முதல்கட்டச் சோதனை நடத்த வேண்டும். கற்றல் குறைபாட்டைக் காரணம் காட்டி எந்த மாணவரையும் பள்ளியை விட்டு விலகும்படி கேட்க வேண்டாம். தங்கள் பதிலை 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக எதிர்பார்க்கிறோம்."

விளையாட்டுப் பாடவேளை வரியை என் மகன் சொல்லிச் சேர்த்தோம். சரியாக இருக்கிறதா?

கரும்பலகை

நன்றாக இருக்கிறது. "ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் இது குறித்துப் பயிற்சி தர வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் ஆசிரியர் பயிற்சி நடத்துகின்றன, அதனால் யார் தருவார்கள் என்று நிர்வாகம் கேட்க முடியாது. விடுமுறையில் பயிற்சியா என்று என் சக ஆசிரியர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

கோர்ட்_வாசல்

நகலை மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகள் பிரிவுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புவதாகக் கடிதத்தின் அடியிலேயே குறிப்பிடுங்கள். ஐந்து பெற்றோரும் கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் போகும் தாயை உட்கார வைத்து அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஐந்து பேர் போனால் நாற்காலி தேடவே நேரமாகும். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு. அதற்கு வக்கீல் தேவையில்லை, நீங்களே எழுதலாம்.

ஊர்க்குருவி

லேத் தம்பி எழுதியதைப் படித்தேன். என் தம்பி ஒருவன் ஆறாவதோடு நின்றவன், இன்றைக்கும் பேங்க் ஃபாரம் என்னிடம்தான் கொண்டு வருவான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பூங்கொடி_ஈரோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடிதம் கொடுத்த மறுநாளே டி.சி. பேச்சு நின்றுவிட்டது. எழுத்தில் பதில் வரவில்லை, கூப்பிட்டுத்தான் பேசினார்கள். உரக்க வாசிக்க வைக்க மாட்டோம், கூடுதல் நேரம் தருகிறோம் என்றார்கள். சிறப்பாசிரியருக்கு மட்டும் "பட்ஜெட் இல்லை, பெற்றோர் தனியாகக் கட்டணம் கட்டினால் பார்க்கலாம்" என்கிறார்கள். நினைத்தது போலவே செலவில்லாததெல்லாம் கிடைத்துவிட்டது. இரண்டு குடும்பம் கட்டிவிடலாம் என்கிறது, எங்களால் முடியாது. அப்படிக் கட்டணம் கேட்கலாமா?

கோர்ட்_வாசல்

கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால் அதுவே பள்ளியின் விதியாகிவிடும், அடுத்து வரும் கட்ட முடியாத குடும்பத்துக்குக் கதவு மூடிவிடும். கல்வி அலுவலரிடம் கொடுக்கும் மனுவில் இந்தக் கட்டணப் பேச்சையும் தேதியோடு எழுதுங்கள். யார் கேட்டார், எந்த அறையில், யார் யார் இருந்தார்கள் என்று இன்றே ஒரு தாளில் குறித்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

மையத்து_டீச்சர்

பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று தனியார் பள்ளிகள் சேர்ந்து ஒரு சிறப்பாசிரியரை வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலரிடம் யோசனையாகச் சொல்லிப் பாருங்கள். சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் பட்ஜெட் காரணம் அடிபட்டுப் போகும். பதிவு பெற்று வேலை இல்லாமல் இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இருக்கிறார்கள்.

ராணி_தேனி

வகுப்பு மிஸ்ஸிடம் பேசிவிட்டேன். செக்லிஸ்ட் நிரப்பிப் பார்த்துவிட்டு வள மையத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை சிறப்பாசிரியர் வருகிறாராம். மாமியாரிடம் "கையெழுத்து நன்றாக வர ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது மகளின் எந்தெந்த நோட்டுகளை எடுத்துப் போக வேண்டும்?

மையத்து_டீச்சர்

டிக்டேஷன் நோட்டு, போன வருடத்து நோட்டு ஒன்று, இந்த வருடத்துது ஒன்று. திருத்தி எழுதிய சுத்தமான நோட்டு வேண்டாம், பிழையோடு இருப்பதுதான் எங்களுக்கு வேண்டும். கண் டாக்டரிடமும் காது டாக்டரிடமும் இதுவரை காட்டாவிட்டால் வியாழனுக்குள் காட்டிவிடுங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.